நாடும் இனமும் தனிமனிதனும்



மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதையிலே, வவுனியா மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் செட்டிகுளம் என்னும் ஊர் இருக்கிறது. இப்பாதை 1914 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அந்நாளில் கொழும்பிலிருந்து புறப்படும் தபால் வண்டி இவ்வூரைக் கடந்தே தலைமன்னார்த் துறையை அடையும். அங்கே பயணிகள் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குவர். 1964 டிசெம்பரில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இலங்கையையும் இந்தியாவையும் இணைத்த வழி இதுவாகவே இருந்தது. செட்டிகுளத்தை அடுத்துவரும் நிலையம் மடு வீதி. மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்குத் தென்னிலங்கைச் சிங்களக் கத்தோலிக்கரும், வடபுலத்துத் தமிழ்க் கத்தோலிக்கரும், நேர்த்திக்கடன் வைத்த சைவரும் இவ்வழியாகவே சென்று வந்தனர்.

ஊர்வழியே சென்றவர்கள் மாத்திரமன்றி, ஊரிலே தங்கி வாழ்பவர்களும் பலதிறத்தினரே. குளத்து நீரை நம்பி வயல் செய்யும் பழைய வன்னிக் குடிகள் அங்கே உண்டு. ஆண்டியாபுளியங்குளம் போன்ற முஸ்லிம் ஊர்கள் உண்டு. 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களை விட்டு ஓடிவந்து, காடு திருத்திக் குடியேறிய குடும்பங்கள் வவுனியா மாவட்டமெங்கும் உண்டு. சிங்களக் குடும்பங்களும் அயலில் வாழ்கின்றன. குளம் வற்றினால் எல்லாருடைய வயலும் காய்கிறது. குளம் உடைத்தால் எல்லாருடைய வயலும் அள்ளுண்டு போகிறது. நீருக்கு இனபேதம் தெரியாது.

பல பண்பாடுகள் கூடிவாழும் ஒரு நாட்டிலே தேசிய அடையாளம் என்பது யாது, அதிலே தனிமனிதனுடைய சுதந்திரத்துக்கு உரிய இடம் எது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இக்கேள்வியைப் பெரிய நூல்களிலிருந்து தொடங்காமல், செட்டிகுளத்திலிருந்தே தொடங்க விரும்புகிறேன். இவ்விவாதத்தின் இலாபநட்டம் அங்கேதான் மனிதருடைய உடலிலும் உயிரிலும் கணக்கிடப்பட்டது.

2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. அதற்கு முன்னரும் பின்னருமாக வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து வெளியேறிய மக்கள், செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் என்னும் இடத்தில் காட்டை வெட்டி அமைக்கப்பட்ட முகாம்களிலே தங்கவைக்கப்பட்டனர். மக்கள் மிகுந்திருந்த காலத்தில் அங்கே 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். சுற்றிலும் முட்கம்பி வேலி. வாயிலிலே படைவீரர் காவல். உறவினர் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசவேண்டியிருந்தது. அரசாங்கம் இவற்றை நலன்புரிக் கிராமங்கள் என்று அழைத்தது. அவற்றுக்குப் பெயர்களும் சூட்டியது. ஒரு பகுதி ஆனந்த குமாரசுவாமி, மற்றொன்று இராமநாதன், வேறொன்று அருணாசலம், இன்னொன்று கதிர்காமர்.

நேயர்களே, இப்பெயர்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தறப்பாள் கூடாரத்தில் இருந்த ஒரு தாய், தன் விலாசமாகச் சொல்லவேண்டியிருந்தவை இந்தப் பெயர்கள். இந்நால்வரும் தமிழர். இலங்கை என்னும் நாட்டில் தமிழனுக்கு உரிய இடம் எது என்ற கேள்விக்குத் தத்தம் வாழ்க்கையினாலே விடை கூறியவர்கள்.

பொன்னம்பலம் அருணாசலம் 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்திய அதிகாரி. மக்களை இனவாரியாகவும் சமயவாரியாகவும் எண்ணி எழுதியவர். அதே அருணாசலம், 1919 ஆம் ஆண்டிலே சிங்களவரும் தமிழரும் ஒன்றுகூடி இலங்கைத் தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தபோது, அதன் முதல் தலைவரானார். இரண்டு ஆண்டுகளுக்குள், மேல்மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்குவதுபற்றி எழுந்த பிணக்கினால் அக்காங்கிரசை விட்டு விலகினார். ஒரே நாடு என்ற கனவும், எண்ணிக்கையிற் சிறியவருக்குக் காப்பு வேண்டும் என்ற கவலையும் அவர் ஒருவருக்குள்ளேயே மோதின.

அவருடைய தமையனார் இராமநாதன், 1911 ஆம் ஆண்டுத் தேர்தலிலே படித்த இலங்கையருக்குரிய ஆசனத்தை வென்று சட்டநிருபண சபைக்குச் சென்றார். அவருக்கு வாக்களித்தவருள் சிங்களவர் பலர். 1915 ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காகச் சபையிலும் இலண்டனிலும் வாதாடியவரும் அவரே. ஆயினும், 1888 ஆம் ஆண்டில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் எழுதினார்; 1907 ஆம் ஆண்டில் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து நூல் எழுதவேண்டியதாயிற்று. பின்னர் டொனமூர் ஆணைக்குழு எல்லார்க்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தபோது இராமநாதன் அதனை எதிர்த்தார். பிறருடைய இனம் இன்னது என்று நாமே தீர்ப்பளிப்பதும், எல்லா மனிதரும் சமமாக வாக்களிக்கத் தகுந்தவர் அல்லர் என்று கருதுவதும் பெரியோரையும் விட்டுவைக்காத பிழைகள்.

ஆனந்த குமாரசுவாமி அவ்விருவருடைய மாமனார் முத்துக்குமாரசுவாமியின் மகன். தாயார் ஆங்கிலப் பெண்மணி. மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி 1908 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூலை இன்றும் சிங்கள அறிஞர் போற்றுகின்றனர். பண்பாட்டின் எல்லையும் பிறப்பின் எல்லையும் ஒன்றன்று என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று. இலட்சுமன் கதிர்காமர், இலங்கையர் என்ற அடையாளமே முதன்மையானது என்று நின்று, வெளிநாட்டமைச்சராயிருந்த வேளையில் 2005 ஆகஸ்ட் 12 ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இந்நால்வரில் எவர் கூறிய விடை சரியானது என்று இன்று நாம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. தேசிய ஒற்றுமைக்கு உழைத்த தமிழர் என்று நாட்டினால் மதிக்கப்பட்டவர்களின் பெயர்கள், வாயிலைக் கடந்து செல்ல உரிமையில்லாத தமிழர் இருந்த இடத்துக்குச் சூட்டப்பட்டன. பண்பாட்டுக்கு மரியாதை செய்யப்பட்டது. மனிதருக்குச் சுதந்திரம் வழங்கப்படவில்லை. ஓர் இனத்தின் பெரியாரைக் கௌரவிப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்த ஒருவனுடைய உரிமையை மதிப்பதும் ஒன்றல்ல என்பதை இதனைவிடத் தெளிவாக உணர்த்தும் உதாரணம் அரிது.

இந்த வேறுபாடு நம் நாட்டுச் சட்ட வரலாற்றிலே முன்னரே தோன்றிவிட்டது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, எந்த ஒரு சமூகத்துக்கும் மதத்துக்கும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று விதித்தது. சமூகங்களைக் காக்கும் அரண் இது என்று அன்று பலர் நம்பினர். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினாலே மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்து வாக்குரிமையையும் இழந்தனர். வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்க வேண்டுமென்று கோடகன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. அச்சட்டம் ஒரு சமூகத்தைக் குறித்ததன்று, பிரஜை யார் என்பதை வரையறுப்பது மாத்திரமே என்று 1953 ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. சமூகத்துக்கென எழுதிய காப்பு, வாசலில் வந்து நின்ற ஒரு மனிதனுக்கு உதவவில்லை.

மற்றொரு வழக்கையும் கூறவேண்டும். 1956 ஆம் ஆண்டில் சிங்களம் மாத்திரமே அரசகரும மொழி என்று சட்டமாயிற்று. அரசாங்க எழுதுவினைஞரான கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சி பெறாமையினாலே 1962 ஆம் ஆண்டில் வருடாந்தச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டார். அவர் நீதிமன்றம் சென்றார். 1964 ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில், அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடரவே முடியாது என்று கூறப்பட்டது. 1969 ஆம் ஆண்டில் பிரிவிக் கவுன்சில், அவருக்கு அவ்வுரிமை உண்டு என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக்கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதற்கு விடை கிடைக்கும் முன்னரே, 1972 ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு 29 ஆம் பிரிவையே இல்லாமற் செய்தது.

இவ்விரு வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். தனிமனிதனுடைய உரிமை மாத்திரம் போதும், மொழியும் பண்பாடும் அவரவர் வீட்டு விஷயம் என்று சிலர் வாதிடுவர். ஆனால் கோடீஸ்வரனுக்கு நேர்ந்த இழப்பு அவருடைய மொழி வழியாகவே நேர்ந்தது. மொழிக்கு இடமில்லாத நாட்டிலே அம்மொழி பேசுபவனுக்கும் முழுமையான இடமில்லை. மறுபுறத்தில், இனத்தின் உரிமையை நிலைநாட்டினாற் போதும், தனிமனிதன் தானாகவே காப்பாற்றப்படுவான் என்று வாதிடுவோரும் உளர். அவர்களுக்கு விடையாக நிற்பவர் கோடகன் பிள்ளை. ஆகவே இரண்டும் வேண்டும். ஆயினும் இரண்டனுள் எது எதன்பொருட்டு என்று தெளிந்துகொள்ளல் இன்றியமையாதது. பண்பாட்டைக் காப்பது அதிலே வாழும் மனிதனுக்காக. மனிதனைப் பண்பாட்டுக்காகப் பிணைவைப்பதற்கன்று.

இதனை அரசாங்கத்துக்கு மாத்திரம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் பக்கத்துக் கணக்கையும் திறந்து பார்த்தல் நேர்மையாகும்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே, விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டிலிருந்த வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 மக்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுவாசலை விட்டுச் சென்றனர். யாழ்ப்பாண நகரிலே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் பேசிய மொழி தமிழ். அந்த மொழிகூட அவர்களைக் காக்கவில்லை. இன்னார் குற்றம் செய்தார் என்று எவரையும் விசாரித்து அனுப்பவில்லை; முஸ்லிம் என்ற ஒரு சொல்லே தீர்ப்பாயிற்று. புத்தளத்து அகதி முகாம்களிலே பிறந்து வளர்ந்து, தம் பெற்றோரின் ஊரைச் சொல்லக் கேட்டு மாத்திரம் அறிந்த ஒரு தலைமுறை இதனால் உருவாயிற்று.

வன்னித் தமிழருக்கும் அங்கே நடமாட்டச் சுதந்திரம் முழுமையாக இருக்கவில்லை. வன்னியை விட்டு வெளியே செல்லப் புலிகளுடைய அனுமதிச் சீட்டு வேண்டும். வீட்டுக்கு ஒருவர் போருக்கு வரவேண்டும் என்று பிள்ளைகள் கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இறுதிப் போரின்போது மக்களை வெளியேறவிடாது அவர்கள் தடுத்ததையும், மக்கள் செறிந்த இடங்கள்மீது அரச படையினர் எறிகணை வீசியதையும், ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 ஆம் ஆண்டில் பதிவு செய்துள்ளது.

இப்போது ஒரு சாதாரண வன்னிக் குடும்பத்தை மனத்திலே நிறுத்திப் பாருங்கள். 2008 ஆம் ஆண்டில் வன்னியை விட்டுப் போக அக்குடும்பத்துக்கு ஒரு சீட்டு வேண்டும். இனத்தின் விடுதலைக்காக நீ இங்கே இருக்கவேண்டும் என்று கூறப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் செட்டிகுளத்தின் வேலியைக் கடக்க அதே குடும்பத்துக்கு வேறொரு சீட்டு வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்காக நீ இங்கே இருக்கவேண்டும் என்று கூறப்பட்டது. சீட்டு வழங்கியவர் மாறினர். வாயிலில் நின்றவர் மாறவில்லை. முதலில் இனத்தின் பெயரால், பின்னர் தேசத்தின் பெயரால், அவருடைய விருப்பம் என்ன என்று எவரும் கேட்கவில்லை.

அரசாங்கத் தரப்பின் வாதத்தையும் நியாயமாக எடுத்துக்கூறுதல் வேண்டும். மக்களோடு மக்களாகப் போராளிகள் கலந்து வந்தனர், அவர்களைப் பிரித்தறிய வேண்டும். ஊர்களிலே கண்ணிவெடிகள் புதைந்திருந்தன, அவற்றை அகற்றாமல் எவரையும் திருப்பி அனுப்ப இயலாது என்பன அவ்வாதங்கள். கண்ணிவெடி உண்மையானதே, ஆனால் வெடி புதைந்த ஊருக்குப் போகாதே என்பது வேறு, வவுனியாவிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டுக்கும் போகாதே என்பது வேறு. போராளிகள் என்று கருதப்பட்ட 11,000 க்கும் மேற்பட்டோர் வேறாகப் பிரிக்கப்பட்டுப் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு பிரித்தபின்னரும் எஞ்சிய கைக்குழந்தையையும் கிழவியையும் வேலிக்குள்ளே வைத்திருப்பதற்கு அந்த வாதம் போதியதாகுமா? சந்தேகம் என்பது ஒரு மனிதன்மீது, ஒரு செயலைக் குறித்து எழவேண்டியது. ஓர் ஊரின்மீது, ஓர் இனத்தின்மீது மொத்தமாகச் சுமத்தப்படும்போது அது சந்தேகம் என்ற பெயரை இழந்து தண்டனையாகிவிடுகிறது.

நம் நாட்டின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதனை அறியாததன்று. அதன் 14 ஆம் உறுப்புரை, இலங்கை எங்கும் தடையின்றி நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை உண்டு என்று கூறுகிறது. தேசியப் பாதுகாப்பின் பொருட்டு அவ்வுரிமையைச் சட்டத்தினால் மட்டுப்படுத்தலாம் என்றும் அதே அரசியலமைப்பு இடமளிக்கிறது. ஆனால் விதிவிலக்கு விதியை விழுங்கிவிடலாகாது. முகாம்களிலிருந்து மக்கள் வெளியே சென்று வர 2009 டிசெம்பர் முதலாந் திகதியிலிருந்து அனுமதிக்கப்பட்டது. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அன்று இறுதியாக வெளியேறியவருள் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு மக்களும் இருந்தனர். அவர்களுடைய காணிகள் படையினர் வசம் இருந்தமையால், சொந்த ஊருக்குச் செல்லாமல் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். 2017 ஆம் ஆண்டிலே அவ்வூர்ப் பெண்கள் படைமுகாமின் வாயிலில் இரவுபகலாக அமர்ந்து, தம் காணியைக் கேட்டனர்.

இத்தகைய தவறு நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. 1942 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா, யப்பானிய வமிசத்தவரான 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தேசியப் பாதுகாப்பின் பெயரால் முகாம்களில் அடைத்தது. அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். அந்நாட்டு உயர் நீதிமன்றமே 1944 ஆம் ஆண்டில் அக்கட்டளைக்கு இசைவு அளித்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 1988 ஆம் ஆண்டிலே, அரசு சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கோரியது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடும் வழங்கியது. யப்பானியச் சமூகத்துக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொடுத்து அவர்கள் நின்றுவிடவில்லை. ஆளுக்கு ஆள், பெயருக்குப் பெயர் கடன் தீர்க்க முயன்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய கனடா, 1971 ஆம் ஆண்டில் பல்பண்பாட்டுக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 1982 ஆம் ஆண்டின் உரிமைப் பட்டயம் அந்நாட்டின் பல்பண்பாட்டு மரபைப் போற்றுகிறது. ஆனால் அடிப்படைச் சுதந்திரங்களை அது இனங்களின் கையிலே கொடுக்கவில்லை, ஒவ்வொரு மனிதனுக்கும் என்று எழுதிவைத்தது. ஆகவே ரொறன்ரோவில் ஒரு தமிழ்ப் பெண் தன் மொழியைப் பேணலாம்; தன் சாதிக்கு வெளியே மணமுடிக்கலாம்; தன் சமூகத்துத் தலைவர்களோடு மாறுபட்டும் பேசலாம். முதலாவதை நாம் உரிமை என்று பாராட்டுகிறோம். மற்ற இரண்டையும் அதே மனத்தோடு பாராட்டுகிறோமா என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும். அங்கே நமக்குக் கிடைத்த இடத்தை, இங்கே நம் அயலிலுள்ள முஸ்லிமுக்கும், மலையகத்தவருக்கும், நம் வீட்டுப் பெண்ணுக்கும் நாம் கொடுக்கும்போதே அந்த உரிமையைக் கேட்கும் தகுதி நமக்கு நிறைவாகிறது.

அப்படியாயின் தேசிய அடையாளம் என்பது யாது? எல்லாரும் ஒரே மொழியைப் பேசுவதன்று; எல்லாரும் ஒரே வரலாற்றைப் பாடமாக ஒப்புவிப்பதுமன்று. எந்த மொழி பேசுபவனாயினும், எந்தக் கோயிலுக்குப் போகிறவனாயினும், அவன் செய்யாத குற்றத்துக்கு அவனுடைய இனம் சாட்சியாகக் கொள்ளப்படாது என்ற உறுதியே ஒரு நாட்டை அவனுடைய நாடாக்குகிறது. அந்த உறுதி இருக்குமிடத்தில் நாட்டுப்பற்றைக் கற்பிக்க வேண்டியதில்லை. அது இல்லாத இடத்தில் எத்தனை கொடிகள் ஏற்றினாலும் பயனில்லை.

1990 ஆம் ஆண்டில் நின்றுபோன மன்னார்ப் பாதையில், 2013 ஆம் ஆண்டிலே மடு வீதிவரையும், 2015 ஆம் ஆண்டிலே தலைமன்னார்வரையும் மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியது. செட்டிகுளம் நிலையத்திலே பயணச் சீட்டு வாங்க வருபவரிடம் எழுதுவினைஞர் கேட்பது ஒரே கேள்வி: எங்கே போகவேண்டும்? நீர் எந்த இனம், ஏன் போகிறீர், எப்போது திரும்புவீர் என்று அவர் கேட்பதில்லை. மிகச் சாதாரணமான அந்த ஒரு கேள்வியோடு மாத்திரம் ஒரு மனிதன் இந்நாட்டில் எங்கும் போய்வரக் கூடுமாயின், அவன் இந்நாட்டுக்குரியவன் என்பதை வேறெவரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய அவசியம் இராது. அந்த நிலையை எல்லார்க்கும் உறுதியாக்குதல் அரசின் கடன். நம் கைக்கு எட்டிய அளவில் அதனைப் பிறருக்கு மறுக்காதிருத்தல் நம் ஒவ்வொருவருடைய கடன்.